முள்ளெலிக் கையுறையும் கண்டிப்பின் அறமும்

ரஷ்ய மொழியில் ஒருவரை 'முள்ளெலிக் கையுறையில் வைத்திருப்பது' என்றால், அவருக்குச் சிறிதும் இடம் கொடுக்காமல் கறாராக நடத்துவது என்று பொருள். 'தெர்ஷாத் வ் யெஷோவிஹ் ருகவீத்ஸஹ்' என்பது அதன் ரஷ்ய வடிவம். தகப்பன் மகனையும், வாத்தியார் மாணவனையும், தளபதி சிப்பாய்களையும், மாமியார் மருமகளையும் இப்படி வைத்திருப்பதாகப் பேச்சிலும் எழுத்திலும் சொல்வார்கள். கோபம் வந்த நேரத்தில் நாலு அடி போடுவதை இந்தத் தொடர் குறிக்காது. அதற்கு ரஷ்யர்களிடம் வேறு தொடர் இருக்கிறது: 'பிர்ச் கஞ்சி ஊட்டுவது', அதாவது பிர்ச் மரத்தின் மிலாறால் விளாசுவது. முள்ளெலிக் கையுறை நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தளராத பிடியைச் சொல்கிறது. அந்தப் பிடி நல்லதா கெட்டதா என்று தொடர் தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. பையனை உருப்பட வைத்த தகப்பனைப் பாராட்டவும் இதே தொடர்தான், வீட்டையே நடுங்க வைத்தவரைப் பழிக்கவும் இதே தொடர்தான்.

இந்த இரட்டைத் தன்மைக்குள் ஒரு பழைய அறக் கேள்வி இருக்கிறது. ஒரு மனிதரை நல்வழிப்படுத்த இன்னொருவர் வன்மையைக் கையாளலாமா? கையாளலாம் என்றால் அதன் எல்லையை யார் வகுப்பது? ரஷ்யத் திருச்சபையும் எழுத்தாளர்களும் தத்துவவாதிகளும் ஐந்து நூற்றாண்டுகளாக இந்தக் கேள்வியை வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

தொடரின் பிறப்பு

'ருகவீத்ஸா' என்பது கட்டைவிரலுக்கு ஓர் அறையும் மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஓர் அறையுமாகத் தைத்த கையுறை. குளிர்காலத்தில் உள்ளே கம்பளி உறை மாட்டி, அதன்மேல் தோல் உறையைப் போட்டுக்கொள்வது வழக்கம். உள்ளுறை இல்லாத வெறும் தோல் உறைக்குக் 'கோலித்ஸி' என்று பெயர். கரடுமுரடான வேலைகளுக்கு உரியது அது. 'முள்ளெலிக் கையுறை' என்றது இந்த வகையைத்தான். பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. எலித் தொல்லைக்காக வீட்டிலும் களஞ்சியத்திலும் முள்ளெலியைக் கொண்டுவந்து விடுவதுண்டு. சுருண்டு முட்பந்தாகிவிடும் அந்தப் பிராணியை வெறுங்கையால் தூக்க முடியாது என்பதால் இந்த உறை தேவைப்பட்டது என்பது ஒன்று. நிலத்தில் முட்செடிகளையும் களைகளையும் பிடுங்க இதை மாட்டிக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. முள்ளைத் தொடுகிறவரின் கைக்குக் காப்பு என்பது இரண்டுக்கும் பொது.

பொருளாக இருந்தபோது இந்தக் கையுறை, போட்டிருப்பவரை முள்ளிலிருந்து காத்தது. சொலவடையானதும் முள் இடம் மாறிவிட்டது. தொடரைக் கேட்கும் ரஷ்யரின் மனக்கண்ணில் தோன்றுவது, வெளிப்புறம் முழுக்க முள் நட்ட கையுறை. அகப்பட்டவரைத்தான் அது குத்துகிறது. ஆனாலும் பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. பிடிபட்டவருக்கு வலிக்கும், பிடித்திருக்கும் கைக்கு வலிக்காது என்ற நிலை இரண்டு படங்களிலும் அப்படியே இருக்கிறது. கண்டிப்பைப் பற்றிய ரஷ்யச் சமய விவாதம் பலமுறை வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

புஷ்கின் காட்டிய இரண்டு காட்சிகள்

இந்தத் தொடரைப் படித்தவர்கள் மனதில் நிலைக்கச் செய்தது அலெக்சாண்டர் புஷ்கினின் 'கேப்டன் மகள்' நாவல். அது 1836இல் வெளியானது. புகச்சோவ் கிளர்ச்சி நடந்த 1773-74 காலத்துக் கதை. இளைஞன் கிரினேவ் ராணுவத்தில் சேர ஒரென்பூர்க் வருகிறான். அவனுடைய தகப்பனாரின் பழைய நண்பரான ஜெர்மானியத் தளபதி, அவன் கொண்டுவந்த கடிதத்தை உரக்கப் படிக்கிறார். பையனை முள்ளெலிக் கையுறையில் வைத்திருக்கும்படி தகப்பனார் எழுதியிருக்கிறார். ரஷ்யச் சொலவடைகள் பழக்கமில்லாத தளபதிக்குப் புரியவில்லை. பையனிடமே விளக்கம் கேட்கிறார். அவனோ ஒன்றும் அறியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, அன்பாக, அதிகம் கெடுபிடி செய்யாமல், தாராளமாக விட்டுவைப்பது என்று சொல்லிவிடுகிறான். தளபதி தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து படிக்கிறார். அடுத்த வரியிலேயே பையனை அவன் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்று வருகிறது. குட்டு உடைந்துபோகிறது.

அதே நாவலில் இன்னொரு காட்சி சிரிப்புக்கு இடமில்லாதது. எல்லைக் கோட்டைக்குப் பொறுப்பாளரான கேப்டன் மிரோனோவ் நல்ல மனிதர், வீட்டில் மனைவி சொல் தட்டாதவர். கிளர்ச்சிக்காரர்களின் துண்டுத்தாள்களோடு ஒரு கிழட்டு பாஷ்கீர் பிடிபடுகிறான். 1741ஆம் ஆண்டுக் கலகத்துக்காக மூக்கும் காதுகளும் அறுக்கப்பட்டவன் அவன். உண்மையை வரவழைக்கக் கசையடி கொடுக்கும்படி கேப்டன் உத்தரவிடுகிறார். அது அந்தக் காலத்து வழக்கம்; அவருக்கு அதில் உறுத்தல் எதுவும் இல்லை. கிழவன் முனகிக்கொண்டே வாயைத் திறக்கிறான். உள்ளே நாக்குக்குப் பதில் ஒரு துண்டுதான் அசைகிறது. முன்பு கொடுத்த தண்டனை, இப்போது கேட்கும் கேள்விக்குப் பதில் வரும் வழியையே அடைத்துவிட்டது. கோட்டை விழுந்த பிறகு, தூக்குமரத்தின் குறுக்குக் கட்டைமேல் கயிற்றோடு உட்கார்ந்திருப்பவன் அதே கிழவன். தூக்கில் தொங்குபவர் கேப்டன். பலாத்காரமான குலுக்கல்கள் இல்லாமல், ஒழுக்கம் மேம்படுவதால் வரும் மாற்றங்களே நிலைக்கும் என்ற கருத்தை, கதை சொல்பவன் வாயிலாக இந்த இடத்தில்தான் புஷ்கின் வைக்கிறார்.

வீட்டின் சட்டம்

கண்டிப்பைச் சமயக் கடமையாகவே வகுத்த நூல், 16ஆம் நூற்றாண்டின் 'தமஸ்த்ரோய்'. இல்லற ஒழுங்கு என்பது பெயரின் கருத்து. ஜார் 4ஆம் இவானின் ஆலோசகராக இருந்த சில்வெஸ்தர் என்ற பாதிரியாரோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது. திருவுருவப் படங்களுக்குப் பூஜை செய்வதிலிருந்து ஊறுகாய் போடுவதுவரை அனைத்தும் அதில் உண்டு. மகனைச் சிறு வயதில் அடித்து வளர்த்தால் முதுமையில் ஆறுதல் கிடைக்கும் என்று நூல் சொல்கிறது. விவிலியத்தின் ஞான நூல்களில் வரும் கருத்து இது. பிரம்பைக் கைவிடுகிற தகப்பன் மகனை வெறுக்கிறவன் என்ற நீதிமொழி அதற்கு அடிப்படை.

தமஸ்த்ரோயைக் கொடூரத்தின் கையேடு என்று சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மனைவியையோ வேலையாளையோ தண்டிக்க நேர்ந்தால் காதிலும் கண்ணிலும் அடிக்கக் கூடாது, நெஞ்சில் குத்தக் கூடாது, தடியோ இரும்போ எடுக்கக் கூடாது, பிறர் முன்னிலையில் கூடாது, கோபத்தோடு கூடாது, பிறகு சமாதானமாகிவிட வேண்டும் என்று அது அடுக்குகிறது. அடியை ஒழிக்காமல் அதற்கு அளவு மட்டும் வைக்கிறது. நூலின் கடைசிப் பகுதியில் சில்வெஸ்தர் தன் மகன் அன்ஃபீமுக்கு எழுதிய மடல் இருக்கிறது. தம் அடிமைகளையெல்லாம் விடுதலை செய்து, கைக்கு ஏதாவது கொடுத்து அனுப்பியதை அதில் சொல்கிறார். கண்டிப்பை விதியாக வகுத்த நூலுக்குள்ளேயே, சொந்த வாழ்க்கையில் பிடியைத் தளர்த்திய ஒருவர் இருக்கிறார்.

இந்த அமைப்பில் வீட்டுத் தலைவர் தனி ஆள் அல்லர். வீட்டாரின் ஆன்மாவுக்காகக் கடவுளிடம் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். கண்டிக்காமல் விட்டதற்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் அளவு மீறிக் கண்டித்தால் அந்த வீட்டுக்குள் அவரைத் தடுக்க ஆள் இல்லை. பொறுப்பு மேலே கடவுளுக்கு. வலி கீழே இருப்பவருக்கு. கண்டிப்பை நியாயப்படுத்தும் எல்லா வாதத்துக்கும் பின்னால் வரும் இடர் இது.

முறையும் தளர்வும்

திருச்சபைச் சட்டம் இந்த இடருக்கு ஒரு விடை வைத்திருந்தது. கீழைக் கிறிஸ்தவத்தில் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பதற்கு 'அக்ரிபேயா' என்றும், ஆளின் நிலை அறிந்து தளர்த்துவதற்கு 'ஒய்கோனோமியா' என்றும் பெயர். இவை இரண்டும் கிரேக்கச் சொற்கள். 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் வகுத்த விதிப்படி, வேண்டுமென்றே கொலை செய்து பிறகு மனம் திரும்பியவருக்கு 20 ஆண்டுகள் நற்கருணை கிடையாது. முதல் 4 ஆண்டுகள் கோவில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் தனக்காக வேண்டிக்கொள்ளும்படி அழுது கேட்க வேண்டும். அடுத்த 5 ஆண்டுகள் மறைநூல் வாசிப்பைக் கேட்பவர்களோடு இருக்கலாம். பிறகு 7 ஆண்டுகள் மண்டியிடுபவர்களோடு. கடைசி 4 ஆண்டுகள் விசுவாசிகளோடு நின்று வழிபடலாம், ஆனால் நற்கருணை பெற முடியாது.

இவ்வளவு கறாராக ஆண்டு எண்ணிய அதே பசிலியார், மனம் திரும்பியவரின் தீவிரத்தைப் பார்த்துக் காலத்தைக் குறைக்கும் குருவைக் குறை சொல்லக் கூடாது என்றும் விதி வைத்தார். 691-92இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய த்ருல்லோ சங்கத்தின் 102ஆவது விதி இதை இன்னும் விரித்தது. பாவத்தின் தன்மை, பாவியின் மனநிலை இரண்டையும் பார்க்க வேண்டும். ஒருவரை நம்பிக்கை இழக்கும் பள்ளத்திலும் தள்ளக் கூடாது, அலட்சியத்திலும் விடக் கூடாது என்பது அதன் சாரம். இங்கே கண்டிப்பு மருந்தின் இடத்தில் வைக்கப்படுகிறது. குற்றத்துக்கு விலை வசூலிப்பது நோக்கம் அல்ல, ஆள் தேற வேண்டும். அப்படியென்றால் ஆளைப் பார்க்காமல் தரப்படும் தண்டனை, எவ்வளவு சட்டப்படி இருந்தாலும், இந்த மரபின் கண்ணில் பிழையானது.

நெருப்புக்குள் யார் நிற்பது?

1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த விவாதம் ரஷ்ய மண்ணில் உயிர்ப் பிரச்சினையானது. நோவ்கரோதிலும் மாஸ்கோவிலும் 'யூதம் சார்ந்தவர்கள்' என்று பெயரிடப்பட்ட மாற்றுக் கருத்தினர் தோன்றியிருந்தார்கள். வலக்கலாம்ஸ்க் மடத்தின் தலைவர் யோசிஃப், அவர்களை அரசு கொல்ல வேண்டும் என்று வாதாடினார். 1504ஆம் ஆண்டுச் சங்கத்துக்குப் பிறகு, அவர்களில் சிலர் எரிக்கப்பட்டார்கள். யூரியெவ் மடத்தின் முன்னாள் தலைவர் கஸ்ஸியானும் அவர்களில் ஒருவர்.

எதிர்த் தரப்பில் வோல்காவுக்கு அப்பாலுள்ள மடங்களின் துறவிகள் இருந்தார்கள். சோரா ஆற்றங்கரையில் சிறு குடில்களில் வாழ்ந்த நீல் சோர்ஸ்கி அவர்களுக்கு வழிகாட்டி. தன்மீது கடும் நோன்பு சுமத்திக்கொண்ட அவர், பிறரிடம் குருவாகப் பேசத் தயங்கினார். இறந்த பிறகு உடலை விலங்குகள் தின்னும்படி காட்டில் எறிந்துவிடச் சொல்லி உயில் எழுதியவர்.

அந்த மடங்களில் ஒன்றான கிரீல்லவ் மடத்தின் பெரியவர்கள் யோசிஃபுக்கு எழுதிய பதில் இந்த விவாதத்தின் உச்சம். கத்தானியா நகர ஆயர் லியோ, ஒரு மந்திரவாதியைத் தம் அங்கியால் கட்டி நெருப்புக்குள் கொண்டுபோய் எரித்தார், தாம் மட்டும் எரியாமல் வெளியே வந்தார் என்ற கதையை யோசிஃப் ஆதாரமாகக் காட்டியிருந்தார். பெரியவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் நீரும் கஸ்ஸியானை உமது அங்கியால் கட்டி, அவர் எரிந்து முடியும்வரை தீக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்று பாரும் என்பது அவர்கள் பதிலின் கருத்து. கேலி கலந்திருந்தாலும் வாதம் கூர்மையானது. தண்டனையின் சூடு தண்டிப்பவரையும் தொட வேண்டும். தூரத்தில் நின்று இன்னொருவர் கையால் எரிக்கச் சொல்வதற்குப் புனிதரின் கதை அனுமதி ஆகாது. மனம் திரும்பியவரை ஏற்க வேண்டும், திரும்பாதவரைச் சிறையில் வைக்கலாம், கொல்லக் கூடாது என்பது அவர்கள் நிலை. அரசு யோசிஃபின் பக்கம் நின்றது. பிற்காலத் திருச்சபை யோசிஃபையும் நீலையும் சேர்த்தே புனிதர்களாக வணங்குகிறது.

மன்னிப்பா, தூக்கா?

1881 மார்ச் மாதம் ஜார் 2ஆம் அலெக்சாண்டரைப் புரட்சியாளர்கள் குண்டு வீசிக் கொன்றார்கள். அந்த மாதக் கடைசியில் தத்துவவாதி விளதீமிர் சொலவியோவ் பொது மேடையில், கிறிஸ்தவ அரசன் கொலையாளிகளை மன்னிக்க வேண்டும் என்று பேசினார். எழுத்தாளர் தல்ஸ்தோய் புதிய ஜாருக்கு அதே வேண்டுகோளோடு கடிதம் எழுதினார். திருச்சபை நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான கன்ஸ்தன்தீன் பபெதனோஸ்த்செவிடம் அந்தக் கடிதம் வந்தபோது, அதை ஜாரிடம் சேர்ப்பிக்க அவர் மறுத்தார். தம்முடைய கிறிஸ்து வேறு, தல்ஸ்தோயின் கிறிஸ்து வேறு என்று பிறகு பதில் எழுதினார். ஏப்ரல் 3ஆம் தேதி ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே நற்செய்தி நூலைப் படித்தவர்களில் ஒரு பக்கம் அரசனின் கடமை தண்டிப்பது என்றது, மறுபக்கம் மன்னிப்பது என்றது.

தல்ஸ்தோய் பிறகு இதை முழுக் கொள்கையாக்கினார். தீமையை வன்முறையால் எதிர்க்கவே கூடாது என்றார். 1908 டிசம்பரில் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற நீண்ட மடலில், பிறருக்குத் தீங்கு செய்யாமை பற்றித் திருக்குறளிலிருந்தும் மேற்கோள் காட்டினார். அந்த மடலை காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்து 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார்.

தாஸ்தாயெவ்ஸ்கியின் வழி வேறு. 1880இல் முடிந்த 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலில் இரண்டு துறவிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். முதியவர் ஸோசிமா, தன் முன் நிற்கும் குற்றவாளியின் குற்றத்துக்குத் தானும் பொறுப்பு என்று உணராதவரை எவரும் நீதிபதி ஆக முடியாது என்கிறார். ஃபெரபோன்த் என்பவர் கடும் நோன்பி. ரொட்டித் துண்டும் தண்ணீருமாக வாழ்கிறார், போகும் இடமெல்லாம் பேய்களைக் காண்கிறார், ஸோசிமாவின் பிணம் நாறியபோது வெற்றிக் கூச்சல் போடுகிறார். தன்மீது கடுமையாக இருப்பவர் பிறரிடம் கனிவாகத்தான் இருப்பார் என்ற எளிய நம்பிக்கையை இந்தப் பாத்திரம் உடைக்கிறது. தன் உடலை ஒறுத்ததே பிறரை இகழும் தகுதிச் சீட்டாகிவிட்டால், நோன்பும் ஒரு முள் உறைதான்.

புரட்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட இவான் இலியின், 1925இல் பெர்லினில் 'தீமையைப் பலத்தால் எதிர்ப்பது பற்றி' என்ற நூலை வெளியிட்டார். தல்ஸ்தோய்க்கு நேர் மறுப்பு அது. வாள் புனிதமானது அல்ல, ஆயினும் வேறு வழி இல்லாதபோது அதை எடுப்பது கடமை. எடுத்தவர் அந்தச் சுமையைத் தாங்கி, இடைவிடாமல் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். நிகலாய் பெர்தியாயெவ் மறு ஆண்டே கடுமையாகத் தாக்கினார். கடவுள் பெயரால் நடக்கும் 'செக்கா' என்ற ரகசியப் போலீஸ், பிசாசின் பெயரால் நடப்பதைவிட அருவருப்பானது என்பது அவர் வாதத்தின் சாரம். நன்மைக்காகத்தான் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் தண்டிப்பவரைத் தடுக்க உள்ளுக்குள் எதுவும் மிஞ்சாது என்று அவர் அஞ்சினார்.

1937: சொலவடை சுவரொட்டி ஆனது

அந்த அச்சத்துக்குச் சாட்சியம் சில ஆண்டுகளிலேயே வந்தது. 1936 செப்டம்பரில் சோவியத் உள்துறை மக்கள் கமிசாராக நிகலாய் யெஷோவ் நியமிக்கப்பட்டார். முள்ளெலிக்கு ரஷ்ய மொழியில் 'யோஷ்' என்று பெயர். அவருடைய குடும்பப் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. பழைய சொலவடை ஒரே நாளில் அரசியல் சிலேடையாகிவிட்டது. கேலிச்சித்திரக்காரர் பரீஸ் யெஃபீமவ் 1937இல் வரைந்த படத்தில், யெஷோவின் கையில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கையுறை; அதன் பிடியில் பல தலைப் பாம்பு ஒன்று நெரிபடுகிறது. எதிரிகளைப் பிடிக்கும் கை என்று மக்களுக்குப் பெருமையோடு காட்டப்பட்ட படம் அது.

1937 ஜூலை 30ஆம் தேதி வந்த 00447ஆம் எண் ஆணை, ஒவ்வொரு பிரதேசத்திலும் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கை குறித்தது. பழைய குற்றவாளிகளோடு திருச்சபையில் ஊக்கமாக இருந்தவர்களும் அதன் இலக்கு. அரசு ஆவணங்களின்படி 1937-38 இரண்டு ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 6,81,692 பேர். மாஸ்கோ அருகே புதோவோ சுடுகளத்தில் மட்டும் 20,000க்கு மேல். அங்கே 1937 டிசம்பரில் கொல்லப்பட்டவர்களில் மூத்த பேராயர் செரஃபீம் சிசாகவ் ஒருவர். இறையியலாளரும் கணித அறிஞருமான பாவெல் ஃப்லரேன்ஸ்கி, அதே மாதம் லெனின்கிராத் பகுதியில் சுடப்பட்டார். பசிலியாரின் விதிகள் 20 ஆண்டு என்று எண்ணியபோதும், எதிரே நிற்கும் ஆளைப் பார்க்கச் சொல்லின. இந்த ஆணை ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டது.

1938 நவம்பரில் யெஷோவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1939 ஏப்ரலில் கைதானார், 1940 பிப்ரவரியில் அவரும் சுடப்பட்டார். ரஷ்யர்கள் அந்தக் காலத்தை 'யெஷோவ்ஷினா' என்று அழைக்கிறார்கள். ஆனால் சொலவடை அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. அவர் பெயரிலிருந்துதான் அது வந்தது என்று இன்று சிலர் நினைப்பது தவறு.

விவாதம் விட்டுச்சென்ற அளவுகோல்கள்

இவ்வளவு நீண்ட விவாதத்தில் தல்ஸ்தோய் தவிர மற்றவர்கள் கண்டிப்பை அடியோடு மறுக்கவில்லை. அவர்களிடமிருந்து மூன்று அளவுகோல்களைத் திரட்ட முடியும். முதலாவது நோக்கம்: கண்டிக்கப்படுபவர் தேறுவதற்காகவா, கண்டிப்பவரின் அதிகாரம் நிலைப்பதற்காகவா என்பது திருச்சபை விதிகள் எழுப்பிய கேள்வி. இரண்டாவது அளவு: ஆளையும் சூழலையும் பார்த்து ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கிறதா என்பது. மூன்றாவது, கிரீல்லவ் பெரியவர்களும் ஸோசிமாவும் இலியினும் தத்தம் வழியில் கேட்டது: கண்டிப்பவர் அதில் எதைத் தாங்குகிறார்? முதல் இரண்டையும் நல்ல வார்த்தைகளால் நிரப்பிவிட முடியும். யோசிஃபுக்கும் நல்ல நோக்கம் இருந்தது, தமஸ்த்ரோயிலும் அளவு இருந்தது. மூன்றாவதை அப்படிச் சமாளிக்க முடியாது. தன் கைக்கு ஒன்றும் நேராது என்ற உறுதியோடு தரப்படும் தண்டனைக்கு உள்ளிருந்து தடை எதுவும் வருவதில்லை. எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியவும் தெரியாது.

இன்று இந்தத் தொடர் பெரும்பாலும் குடும்பப் பேச்சிலும் விளையாட்டுச் செய்திகளிலும் அலுவலகக் கதைகளிலும் வருகிறது. கறாரான பயிற்சியாளர், சிரிக்காத மேலாளர், பேரனைச் செல்லம் கொடுத்துக் கெடுக்காத பாட்டி ஆகியோர் முள்ளெலிக் கையுறைக்காரர்கள். 'தன்னைத்தானே முள்ளெலிக் கையுறையில் வைத்திருப்பவர்' என்றும் ரஷ்ய மொழியில் சொல்ல முடியும். அந்தப் பிரயோகத்தில் பிடிப்பவரும் பிடிபடுபவரும் ஒருவரே. பழிச்சொல்லின் சாயல் பெருமளவு நீங்கி, தொடர் பாராட்டாக மட்டும் ஒலிப்பது அங்கேதான். ஃபெரபோன்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தப் பாராட்டையும் கொஞ்சம் யோசித்தே வழங்குவார்கள்.